சாவி இல்லாத கதவு

பிப்ரவரி 11, செவ்வாய்

உதிரிபாகக் கடைக்காரர் "எத்தனை வோல்ட் வேணும்?" என்று கேட்டார். "எல்லாரும் வாங்குறதுதான்" என்றேன். பின்னால் நின்றவன் சிரித்துவிட்டான். காது சூடாகிவிட்டது.

பணிக்காலம் முழுவதும் காப்பீட்டு அலுவலகத்தில், சரிபார்ப்புப் பிரிவில் இருந்தவன் நான். அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையில் சுழிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்று வீடியோ பார்த்துப் பார்த்து இந்த மின்சார வேலைகளைக் கற்றுக்கொண்டதில் இப்படி அவ்வப்போது தலைகுனிய வேண்டியிருக்கிறது. "தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் ஏதோ ஒரு அடாப்டரை எடுத்துக் கொடுத்தார். பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பூட்டு, பொத்தான் பலகை, கம்பிகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. சனிக்கிழமை அக்கா வீட்டில் வேலை.

பிப்ரவரி 15, சனி

முடித்துவிட்டேன். அக்கா வீட்டு வாசல் கதவில் நம்பர் அழுத்தினால் திறக்கிற பூட்டு. எழுபது வயதில் தனியாக இருப்பவள், வாரம் ஒரு முறை சாவியை எங்காவது வைத்துவிட்டு வீட்டைத் தலைகீழாக்குகிறவள். இனி சாவியே கிடையாது.

"பழைய பூட்டும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமேடா" என்றாள்.

"அப்புறம் புதுசு எதுக்கு? அழகா இருக்காது" என்று சொல்லி, பழைய பூட்டைக் கழற்றி, அந்த ஓட்டையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே வார்னிஷும் அடித்தேன். தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. என் கை வேலையில் இதுதான் உருப்படி.

அவளோடு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த தோழிகள் இருவர் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் அக்காவை நம்பர் அழுத்தச் சொன்னேன். இரண்டு தடவை திறக்கவில்லை. "எங்க அக்கா டிவி ரிமோட்டையே தலைகீழாத்தான் பிடிப்பா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மூன்றாவது தடவை திறந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அக்கா போன். கதவு திறக்கவில்லையாம். "விரலை நல்லா அழுத்தி வைக்கணும், எத்தனை தடவை சொல்றது" என்றேன். கொஞ்ச நேரத்தில் "திறந்துருச்சுடா" என்றாள். நேற்றும் இதே கதை.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று போன் இல்லை. பழகிவிட்டாள் போல.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. நான் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். அவள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர்தான் அழைத்து வந்தாராம். நான் வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

"எப்படி விழுந்தே?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சுடா."

சேலையெல்லாம் ஈரம். முழங்கையில் சேறு மாதிரி ஏதோ. மழை நாள், கேட்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 26, புதன்

அக்கா எங்கள் வீட்டில் இருக்கிறாள். நான் காலையில் அவள் வீட்டுக்குப் போய், குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பிகள் பொருத்தினேன். ஒன்று குழாய்க்குப் பக்கத்தில், ஒன்று வாசற்படியில். ஓடு உடையாமல் துளை போட்டது பெரிய விஷயம். மதியம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"எந்த இடத்துல வழுக்குச்சு? சொல்லு, அங்கேயும் ஒண்ணு போட்டுடறேன்."

அவள் குளியலறையைக் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஒரு மூலையைக் காட்டினாள். அங்கும் போட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

அக்காவைப் பார்க்க உறவினர்கள் வந்தார்கள். கம்பிகள் போட்ட கதையைச் சொன்னேன். "வயசானா தரையைப் பார்த்து நடக்கணும். சொன்னா கேட்டாத்தானே" என்றும் சொன்னேன். அக்கா இடது கையால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு என்று புரியவில்லை.

மார்ச் 8, சனி

எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அக்காவின் வலி மாத்திரை தீர்ந்துவிட்டது. அவள் வழக்கமாக வாங்கும் கடையிலேயே வாங்கலாம் என்று அந்த மருந்துக்கடைக்குப் போனேன். அன்று உதவியதற்கு நன்றியும் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க இல்லேன்னா பாத்ரூம்லயே கிடந்திருப்பாங்க" என்றேன்.

அவர் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "பாத்ரூமா? சுவர்லேருந்துதானே சார் விழுந்தாங்க."

எந்தச் சுவர்?

அவருடைய கடையிலிருந்து பார்த்தால் அக்கா வீட்டின் பக்கச் சுவர் தெரிகிறது. என் நெஞ்சு உயரம் இருக்கும். அதைத் தாண்டினால் கொல்லைப்புறம். அக்கா கொல்லைக் கதவைத் தாழ் போடாமல் வெறுமனே சாத்தி வைத்துக்கொண்டு, வாசல் கதவு திறக்காத போதெல்லாம் அந்தச் சுவர் ஏறித்தான் உள்ளே போயிருக்கிறாள். திறக்காத போதெல்லாம்! ஒரு தடவை இல்லை. இவர் கடையில் இருக்கிற பிளாஸ்டிக் ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போவாளாம். ஏறி இறங்கி, உள்ளேயிருந்து வாசல் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாளாம்.

"உங்க தம்பிகிட்ட சொல்லுங்கம்மான்னு சொன்னேன் சார். அவனுக்கு வேலை இருக்கும்னாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. மின்சாரமும் போய்விட்டது. அக்காவின் போன் வீட்டுக்குள். கடை மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது, ஸ்டூல் இல்லை. பூந்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறியிருக்கிறாள். கடையைத் திறக்க வந்தவர்தான் சுவரோரம் மழையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்திருக்கிறார்.

"அவங்க சொல்லலையா? அப்ப நான் எதுவும் சொல்லலை சார்" என்றார் அந்த மனிதர். அவருக்குத்தான் என்னைவிடச் சங்கடமாக இருந்தது.

மாத்திரையை வாங்கிக்கொண்டு நேராக அந்தச் சுவருக்குப் போனேன். உடைந்த தொட்டி இன்னும் அங்கேயே கிடக்கிறது. எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், கம்பியும் கையுமாக.

குளியலறையில் மூணு கம்பி. விழாத இடத்துல மூணு கம்பி போட்டுட்டு, ஊரைக் கூட்டிப் பெருமை பேசியிருக்கேன். அவ அந்த மூலையைக் காட்டினாளே, ஏன் காட்டினா? நான் கேட்டேனே, அதனால. ஏதாவது ஒரு இடத்தைக் காட்டாம என்னை எப்படி அனுப்புறது?

மார்ச் 9, ஞாயிறு

அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

அவள் வீட்டுக்குத் தனியாகப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்று நம்பரை அழுத்தினேன். திறந்தது. மறுபடி. திறந்தது. மறுபடி. திறக்கவில்லை. விரலை நன்றாக அழுத்தி வைத்துத்தான் அழுத்தினேன். எல்லாப் பொத்தானுக்கும் விளக்கு எரிகிறது, 'கிளிக்' என்று ஒரு சத்தம் வருகிறது, ஆனால் தாழ் நகரவில்லை.

ஏன்? தெரியவில்லை. வீடியோவில் அவன் மாட்டிய மாதிரியேதான் மாட்டினேன். எது எதற்கு என்று தெரிந்து மாட்டவில்லை. சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே - அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன். காலையில் மனைவி பள்ளிக்குக் கிளம்பிய பிறகு. பள்ளி நூலகத்தில் அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். "மருந்துக்கடைக்காரர் சொன்னார்" என்று ஆரம்பித்தேன். சீப்பைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு வாய் நிக்காதுன்னு தெரியும்" என்றாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

நான் எதிர்பார்த்த பதில் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் சோர்ந்து கிடந்தேன், இந்த வேலைகள் வந்த பிறகுதான் முகத்தில் களை வந்தது, அதைக் கெடுக்க வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டாள் - இப்படி ஏதோ சொல்வாள் என்று, அதைக் கேட்டு அழத் தயாராகவும், உட்கார்ந்திருந்தேன். என்ன மனுஷன் நான்.

அவள் சொன்னது வேறு.

"சொன்னா என்ன சொல்லியிருப்பே? எந்த நம்பரை அழுத்தினே, எப்படி அழுத்தினே, இதுகூடத் தெரியாதான்னு கேப்பே. அதைக் கேக்குறதுக்குச் சுவர் ஏறுறது சுலபமா இருந்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இரு. நான் பேசி முடிச்சுக்கறேன். விழுந்தப்பவே எலும்பு உடைஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும். ஆயுசு பூரா வார்டுல நின்னவ நான். நடுராத்திரி டாக்டர் இல்லாதப்ப எத்தனை பேர் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். கையைத் தூக்கி வெச்சுக்கிட்டு மழையில உக்காந்திருந்தேன். அப்பகூட வலி பெருசாத் தெரியலை. உனக்கு என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்குள்ள போகத் தெரியாத முட்டாளாயிட்டேனேன்னு."

குரல் உயரவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"எல்லாருக்கும் முன்னாடி ரிமோட்டைச் சொல்லிச் சிரிச்சே. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய?"

"மன்னிச்சுருக்கா."

"கம்பி வேற போட்டே. உக்காந்து எந்திரிக்க வசதியாத்தான் இருக்கும், அது இருக்கட்டும். அந்தப் பூட்டைக் கழட்டிடு."

மார்ச் 13, வியாழன்

மனைவியிடம் சொன்னேன். நான் எவ்வளவு மோசம் என்று கேட்கவில்லை. "நான் அப்படியா பேசுறேன்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நம்ம வீட்டுல பிரிண்டர் இருக்குல்ல? நான் ஏன் பள்ளிக்கூடத்துலயே எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு வரேன்னு நினைக்கிறீங்க?"

இங்க் மிச்சம் பண்ணுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"அக்காவாவது உங்ககிட்ட சொல்லிட்டாங்க" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

பூட்டைக் கழற்றினேன். நான் அடைத்து வைத்த ஓட்டையை என்னால் சுத்தமாகத் திறக்க முடியவில்லை. தச்சரைக் கூப்பிட்டேன். "யார் சார் இதை இப்படி அடைச்சது? நல்லா இறுக அடைச்சிருக்காங்க" என்றார். நான்தான் என்றேன். அவர் உளியை எடுத்தார். கதவில் இப்போது ஒரு பெரிய ஒட்டு. அசிங்கமாக இருக்கிறது. பழைய பூட்டும் சாவியும் வந்துவிட்டன.

அக்கா அவள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். "ஒரு கையோட எப்படி?" என்றேன். "பக்கத்து வீட்டுப் பொண்ணு வருவா" என்றாள். கதவைச் சாத்தும்போது எப்போதும் சொல்லும் "பார்த்துப் போ" இன்று இல்லை.

மார்ச் 24, திங்கள்

மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். தொழிற்பயிற்சி மையத்தில், வீட்டு மின்னணுச் சாதனங்கள், அடிப்படை. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், புது வாத்தியார் என்று நினைத்து. போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு சத்தமில்லாத சிரிப்பு ஓடியது.

கற்றுக்கொடுப்பவள் என் மகள் வயது இருப்பாள், எனக்கு மகள் இருந்திருந்தால். பையன்கள் அவளுக்கு மீட்டர் மேடம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் "மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா?" என்பாளாம். இரண்டு கம்பிகளைச் சூட்டுக்கோலால் ஈயம் உருக்கி ஒட்டச் சொன்னாள். ஈயம் கம்பியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒட்டியது. பக்கத்தில் இருந்தவன் "ரொம்ப ஈஸி சார், இப்படித்தான்" என்று சட்டென்று செய்து காட்டினான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஈஸி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது.

அக்காவிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் அந்தச் சொல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று ஒரு பலகையைக் கருக்கிவிட்டேன். புகை. அறை முழுக்க நாற்றம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அறுபத்தொரு வயதில் திட்டுக்குக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

மீட்டர் மேடம் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த இடத்துல சார் குழப்பமா இருந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் சொன்னேன். சொல்லும்போதே எங்கே தப்பு என்று எனக்கே தெரிந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தேன். இந்த ஒரு கேள்வியை நான் அலுவலகத்தில் யாரிடமாவது கேட்டிருக்கிறேனா? சுழித்துத் திருப்பி அனுப்பினால் போதும் என்றுதானே இருந்தேன். அக்காவிடம், மனைவியிடம்?

ஏப்ரல் 10, வியாழன்

கழற்றிய பூட்டை வகுப்புக்கு எடுத்துப் போனேன். இன்றைக்கு மீட்டரை நானே வைத்துப் பார்த்தேன்.

அடாப்டர் தப்பு. பூட்டின் தாழை இழுக்க வேண்டிய அளவு வோல்ட் அதில் இல்லை. விளக்குக்குப் போதும், இழுக்கப் போதாது. அதனால்தான் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. விரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மின்சாரம் போனால் தாங்குவதற்குப் பேட்டரியும் இல்லை. "வீடுன்னா அவசரத்துக்கு ஒரு சாவித் துவாரம் கட்டாயம் வைப்பாங்களே, இதுல எங்க சார்?" என்று மேடம் கேட்டாள்.

"அடைச்சுட்டேன்" என்றேன். எல்லோர் காதிலும் விழுந்தது. அக்கா விழுந்ததையும் சொல்லிவிட்டேன், சுவர், கம்பிகள், எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அக்கா ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறாள். முதல் நாளிலிருந்தே. அந்தத் தோழிகள் எதிரிலும்.

ஏப்ரல் 11, வெள்ளி

போய்ச் சொன்னேன். கட்டுப் பிரித்த கையை வெந்நீரில் விட்டு விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வோல்ட், தாழ், அடாப்டர் எல்லாம் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டு, "நீ சரியாத்தான் அழுத்தினே. தப்பு என் மேல" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "ஒன்பது பொத்தான். அதுல நாலு. அதுகூடவா எனக்குத் தெரியாது."

பிறகு, "அந்த ரெண்டு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லு" என்றாள்.

யாருக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அங்கேயே, அவள் எதிரிலேயே, அந்தத் தோழிகள் இருவருக்கும் போன் செய்தேன். முதலாமவர் என்ன விஷயம் என்று புரியாமல் "யாருங்க? எந்தப் பூட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வியர்த்துவிட்டது. இரண்டாமவர் உடனே புரிந்துகொண்டு, "எங்களுக்கு அன்னிக்கே தெரியும் தம்பி" என்றார்.

அக்கா எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். இடது கையால்தான்.

ஏப்ரல் 19, சனி

அக்காவே போன் செய்தாள். அவளுக்கு அழைப்பு மணி சரியாகக் கேட்பதில்லையாம். மணியை அழுத்தினால் கூடத்தில் ஒரு விளக்கு எரிகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டாள்.

"நாளைக்கே வந்து செஞ்சு தரேன்."

"நீ செய்ய வேணாம். நான் செய்யறேன். என்ன சாமான் வேணும்னு மட்டும் சொல்லு."

"கை..."

"கைக்கும் பயிற்சி வேணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீ பக்கத்துல இரு. நான் கேக்காம வாயைத் திறக்கக் கூடாது."

மாலையே உதிரிபாகக் கடைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் நாள் வேலை. அக்கா மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். கம்பியின் தோலை உரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தாள். அதற்கென்று ஒரு கருவி அவள் எதிரிலேயே இருந்தது. நான் சொல்லவில்லை. நாலு கம்பி துண்டாகிப் போன பிறகு அவளே அந்தக் கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றாள். சொன்னேன்.

அவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நாக்கு நுனியில் வந்து வந்து நின்றது. ஒரு தடவை "அது..." என்று ஆரம்பித்துவிட்டேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மே 4, ஞாயிறு

இன்று விளக்கை மாட்டினாள். ஒரு கம்பியை இடம் மாற்றி இணைத்திருந்தாள். நான் பார்த்துவிட்டேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்தானை அழுத்தினாள். எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. மீட்டரை எடுத்தாள், போன வாரம் கேட்டுக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு முனையாக வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "ஓ" என்றாள். கழற்றி மாற்றினாள். வலது கை இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது. திருகாணி இரண்டு முறை கீழே உருண்டது. எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கிருந்து கூடத்து விளக்கு தெரியாது.

"எரியுதாடா?" என்று குரல் கொடுத்தாள்.

"எரியுது" என்றேன்.

"இப்ப?"

"எரியுது."

தெருவில் யாரோ அவளிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் ஏதோ பதில் சொன்னாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"இப்ப?"

"எரியுதுக்கா."